ஒலுவில்: வட்டியில்லாக் கடனும் வழிமறிக்கப்பட்ட மணலும்

இலங்கையின் தென்கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில் உள்ள ஒலுவில் துறைமுகத்துக்காக அரசு டென்மார்க்கிடம் பெற்ற கடன் 46.1 மில்லியன் யூரோ. வட்டி கிடையாது. வேலை 2008 ஜூலையில் தொடங்கியது. கட்டியது எம்.டி. ஹோய்கோர் என்ற டென்மார்க் நிறுவனம். 2013 செப்டம்பர் 1ஆம் திகதி அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷ துறைமுகத்தைத் திறந்து வைத்தார். உள்ளே இரண்டு பகுதிகள்: வணிகக் கப்பல்களுக்கு ஒன்று, மீன்பிடிப் படகுகளுக்கு ஒன்று. வணிகப் பகுதியில் கப்பல் போக்குவரத்து உருவாகவில்லை. படகுகள் போய்வந்த வாயிலை ஐந்து ஆண்டுகளில் மணல் அடைத்தது.

இதை ஊழல் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. துரோகக் கதையாகச் சொல்பவர்களும் உண்டு. அவை எதையும் சேர்க்காமலே இதைப் பார்க்க முடியும். மணல், நாணய மதிப்பு, திறைசேரியின் கணக்கு ஆகிய மூன்றும் போதும்.

யோசனை பழையது. 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் அரசில் எம்.எச்.எம். அஷ்ரப் துறைமுக, கப்பற்றுறை அமைச்சரானார். தென்கிழக்குக் கரைக்கு ஒரு பல்கலைக்கழகமும் ஒரு துறைமுகமும் வேண்டும் என்பது அவருடைய திட்டம். இரண்டுக்கும் அவர் தேர்ந்த இடம் ஒலுவில். பல்கலைக்கழகம் 1995இல் கல்லூரியாகத் தொடங்கி அடுத்த ஆண்டு முழுப் பல்கலைக்கழகமானது. 1999இல் கலங்கரை விளக்கம் எழுந்தது. துறைமுகத்தின் வேலை தொடங்குவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே வெளிச்சம் வந்துவிட்டது. 2000 செப்டம்பர் 16ஆம் திகதி அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அஷ்ரப் இறந்தார். ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த போர் ஒரு பக்கம், 2004 டிசம்பர் 26இல் சுனாமி மறுபக்கம். அந்த ஒரு காலைப்பொழுதில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இலங்கையில் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு பேரை இழக்கவில்லை. அதற்குப் பின் இந்தக் கரைக்கு வந்த எந்தத் திட்டத்தையும் வேண்டாம் என்று சொல்லும் மனநிலையில் யாரும் இல்லை. துறைமுகத்துக்காகக் காணி கொடுத்தவர்கள் இழப்பீட்டுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தபோதும், துறைமுகம் வேண்டும் என்ற கோரிக்கை ஓயவில்லை.

சரக்குக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். அதில் சிக்கல் குறைவு. அம்பாறை நாட்டின் முன்னணி நெல் மாவட்டங்களில் ஒன்று. ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆகவே எல்லாம் லொறியில் போகிறது. லொறிக்குப் பதில் கப்பல் என்பது தாளில் நன்றாக இருக்கும். ஆனால் அரிசி உள்நாட்டில் உண்ணப்படும் பொருள். சம்மாந்துறை ஆலையில் ஏற்றிய லொறி நேரே கொழும்புக் கடை வாசலில் போய் நிற்கும். கப்பலில் அனுப்பினால் ஒலுவில் வரை ஒரு லொறி, கொழும்புத் துறைமுகத்திலிருந்து கடைக்கு இன்னொரு லொறி, நடுவில் இரண்டு முறை ஏற்றி இறக்கும் கூலி. வந்த கப்பல் திரும்பிப் போகும்போதும் சரக்கு வேண்டும். வடக்கே திருகோணமலை இருக்கிறது: இயற்கையான ஆழம், பக்கத்திலேயே மாவு ஆலையும் சீமெந்து ஆலையும். தெற்கே 2010இல் ஹம்பாந்தோட்டை திறக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவே ஒலுவிலுக்கு வர ஒரு கப்பல் முகவருக்குக் காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் 2013இல் இல்லை. அதற்குப் பின்னும் உருவாகவில்லை.

வருமானம் இல்லாத துறைமுகம் என்பது ஒரு நட்டம். நட்டத்தை ஒரு முறை எழுதித் தள்ளிவிட்டு நகர்ந்துவிடலாம். ஒலுவிலில் அது முடியாது. காரணம் மணல்.

கடல் அலை கரைக்கு நேராக வருவது குறைவு. சாய்வாக ஏறும், நேராக இறங்கும். ஒவ்வொரு முறையும் மணல் சிறிது பக்கவாட்டில் நகரும். இதற்குக் கரையோர மணலோட்டம் என்று பெயர். வாடைக் காலத்தில் ஒரு பக்கம், கச்சான் காலத்தில் மறுபக்கம் என்று திசை மாறினாலும், ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்தால் ஒரு திசை மிஞ்சும். அம்பாறைக் கரையில் மிஞ்சுவது வடக்கு. பாலமுனையில் கிடக்கும் மணல் ஒலுவிலுக்குப் போகும். ஒலுவில் மணல் நிந்தவூருக்குப் போகும். அங்கிருந்து காரைதீவு, மாளிகைக்காடு, சாய்ந்தமருது, கல்முனை. ஒரு கடற்கரை அப்படியே இருப்பதாகத் தோன்றுவது, வருவதும் போவதும் சமமாக இருக்கும்வரைதான்.

துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் வேண்டும். அது கரையிலிருந்து கடலுக்குள் பல நூறு மீட்டர் நீளும் கற்சுவர். அலையைத் தடுப்பது அதன் வேலை. மணலையும் அது தடுக்கும். தெற்கிலிருந்து வரும் மணல் சுவரின் தெற்குப் பக்கம் சேரும். சேர்ந்து நிறைந்தபின் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு வாயிலுக்குள் விழும். வடக்குக் கரைக்கு வர வேண்டிய மணல் வராது. ஆனால் வடக்குக் கரையிலிருந்து மணலை எடுத்துச் செல்லும் அலை நிற்பதில்லை. வரவு நின்று செலவு தொடர்ந்தால் என்ன ஆகுமோ அது கரைக்கும் ஆகும்.

இது புதிய அறிவு இல்லை. சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 1870களில் எழத் தொடங்கின. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. மாலை நேரத்தில் மக்கள் சுண்டல் வாங்கித் தின்னும் அந்த அகலம் துறைமுகம் கொடுத்தது. அந்த அகலத்துக்கான மணல் வடக்கே போய்ச் சேரவில்லை. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தெருக்களும் வீடுகளும் கடலுக்குள் போயின. இன்று அங்கே கரை என்பது கருங்கல் குவியல். புதுச்சேரியில் 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டன. மணலைக் கடத்திவிடும் ஏற்பாடும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. அது ஒழுங்காக இயங்கவில்லை. நகரின் கடற்கரை சில ஆண்டுகளில் மறைந்தது. ஒலுவிலில் வேலை தொடங்கிய 2008இல் இந்தப் பாடத்துக்கு நூறு வயது தாண்டியிருந்தது.

மருந்தும் தெரிந்ததுதான். தெற்கில் சேரும் மணலை எடுத்து வடக்கில் கொட்ட வேண்டும். அவுஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் நிலையான பம்புகள் வைத்து இதைச் செய்கிறார்கள். அங்கே மணலோட்டத்தின் அளவு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 இலட்சம் கன மீட்டர். 10 கன மீட்டர் பிடிக்கும் டிப்பரில் அள்ளுவதாக வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 137 டிப்பர். வெள்ளி, ஞாயிறு, பெருநாள் எதற்கும் விடுமுறை இல்லை. ஒலுவிலின் அளவு வேறாக இருக்கலாம். வேலையின் தன்மை ஒன்றுதான்: அதற்கு முடிவுத் திகதி கிடையாது. கடனுக்குக் கடைசித் தவணை என்று ஒன்று உண்டு. மணலுக்கு இல்லை.

ஒலுவிலில் நடந்தவை வரிசையாக இவை. சுவர்கள் எழுந்துகொண்டிருந்தபோதே வடக்குக் கரை அரிக்கத் தொடங்கியது. தென்னந்தோட்டங்கள் வேரோடு சரிந்தன. கரைவலை இழுக்க மணல்வெளி வேண்டும்; தோணி ஏற்ற, வாடி போட, மீன் காயவைக்க எல்லாவற்றுக்கும் அது வேண்டும். அது சுருங்கியது. துறைமுகத்துக்கு வடக்கே கற்கள் கொட்டப்பட்டன. கலங்கரை விளக்கத்தின் பக்கமும் கடல் நெருங்கியது. 2018இல் துறைமுக வாயிலை மணல் மூடியது. ஆழ்கடல் படகுகள் உள்ளே வர முடியவில்லை. உள்ளே நின்றவை வெளியே போக முடியவில்லை. மீனவர்கள் வீதிக்கு வந்தார்கள்.

அப்போது ஒரு சண்டை தோன்றியது. கல்முனைப் பக்கத்துப் படகுக்காரர்கள் உடனே மணலைத் தோண்டச் சொன்னார்கள். ஒலுவில் மக்கள் தோண்டக் கூடாது என்றார்கள். முதலில் எங்கள் கரைக்கு வழி சொல்லுங்கள், தோண்டிய மணல் எங்கே போகும் என்று கேட்டார்கள். இரு தரப்பும் ஒரே மொழி பேசுபவர்கள், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவர்கள், பல வீடுகளில் மச்சான் மாமன் உறவு. இருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. ஒரே மணல் ஓரிடத்தில் மிகையாகவும் அடுத்த இடத்தில் பற்றாக்குறையாகவும் இருந்தது. அதை நகர்த்துவதற்கான செலவு மட்டும் யாருடைய கணக்கிலும் இல்லை.

துறைமுகம் இயங்க ஆண்டுதோறும் பணம் வேண்டும். பணம் நின்றால் வாயில் மூடும், பயன் நின்றுவிடும். ஆனால் சுவர் அங்கேயே நிற்கும். அது மணலைத் தடுப்பதற்குப் பணம் தேவையில்லை, ஊழியர் தேவையில்லை, மின்சாரம் தேவையில்லை. துறைமுகத்தைக் கைவிட்டாலும் கரை அரிப்பு தன் வேலையைச் செய்யும். நட்டத்தில் ஓடும் தொழிற்சாலையைப் பூட்டினால் நட்டம் நிற்கும். இதைப் பூட்ட முடியாது.

இனி திறைசேரி. கடனுக்கு வட்டி இல்லை என்பது, வட்டியை விலக்கும் முஸ்லிம்கள் வாழும் இந்த ஊர்களில் காதுக்கு இனிய செய்தி. ஆனால் கடன் யூரோவில். 2008இல் ஒரு யூரோ ஏறத்தாழ 160 ரூபாய். அப்போது 46.1 மில்லியன் யூரோ என்றால் சுமார் 740 கோடி ரூபாய். 2022 மே மாதத்தில் ஒரு யூரோ 370 ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் அதே தொகை 1,700 கோடி. வட்டி சேரவில்லை, ரூபாய் விழுந்தது. அதன் பாதிப்பு எவ்வளவு என்பது எத்தனை தவணை மீதமிருந்தது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு நாணயம் சம்பாதிக்காத ஒன்றை வெளிநாட்டு நாணயக் கடனில் கட்டினால், வட்டி பூச்சியமாக இருந்தாலும் விலை நிலையாக இருக்காது. ஹம்பாந்தோட்டைக்குச் சீன எக்ஸிம் வங்கி முதற் கட்டத்தில் கொடுத்த 307 மில்லியன் டொலருக்கு வட்டி 6.3 சதவீதம். அந்தத் துறைமுகம் 2017இல் 1.12 பில்லியன் டொலருக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. உலகப் பத்திரிகைகள் அதைப் பற்றி எழுதித் தீர்த்தன. வட்டியும் இல்லாமல், சீனாவும் இல்லாமல், குத்தகைக்கு எடுக்க ஆளும் இல்லாமல் நின்ற ஒலுவிலைப் பற்றி அவை அவ்வளவாக எழுதவில்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனுக்கு ஒப்புக்கொண்டது. 2024 ஜூன் 26இல் அரசுக் கடன்வழங்குநர் குழுவுடன் 5.8 பில்லியன் டொலருக்கான மறுசீரமைப்பு உடன்பாடு கையெழுத்தானது. அந்தக் குழுவில் டென்மார்க்கும் ஓர் உறுப்பு நாடு. நிதியத்தின் திட்டத்தில் ஒரு முக்கிய இலக்கு முதன்மை மிகை: வட்டிச் செலவை விட்டுவிட்டுப் பார்க்கும்போது அரசின் வருமானம் செலவைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். 2025 முதல் அது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதம். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டுவது கடினம். பராமரிப்பை வெட்டுவது எளிது. வெட்டிய ஆண்டில் யாருக்கும் தெரியாது. மணல் தோண்டுவது பராமரிப்பு.

வளர்ச்சிப் புள்ளிவிவரமும் இதைக் காட்டாது. இலங்கையின் பொருளாதாரம் 2022இல் 7.3 சதவீதம் சுருங்கியது, 2023இல் 2.3 சதவீதம் சுருங்கியது, 2024இல் 5 சதவீதம் வளர்ந்தது. 2021ஐ 100 என்று வைத்தால் 2024இன் முடிவில் வருவது 95. தலைப்புச் செய்தியில் வந்தது 5 சதவீத வளர்ச்சி. இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. துறைமுகம் கட்டிய செலவு கட்டிய ஆண்டுகளில் உற்பத்தியாகக் கணக்கில் ஏறியது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கல்லும் உற்பத்தி. மணல் தோண்டும் கப்பலின் செலவும் உற்பத்தி. கடலுக்குள் போன தென்னங்காணி எந்த வரியிலும் கழிக்கப்படுவதில்லை. ஆகவே சேதம் கூடக் கூட, அதைச் சரிக்கட்டும் செலவால் வளர்ச்சி விகிதம் கூடலாம். இது யாருடைய பொய்யும் இல்லை. கணக்கின் அமைப்பே அப்படி.

இந்தக் கரையின் பள்ளிவாசல்களில் வெள்ளிக்கிழமை துஆக்களில் பலஸ்தீனம் இடம்பெறுகிறது. அங்கும் ஒரு துறைமுகக் கதை உண்டு. 1999இன் ஷர்ம் அல்-ஷேக் உடன்பாடு காஸாவில் துறைமுக வேலை தொடங்க இடம் கொடுத்தது. 2000இல் தொடங்கிய வேலை அந்த ஆண்டின் இரண்டாம் இன்திபாதா எழுச்சியோடு நின்றது. இன்றுவரை அந்தத் துறைமுகம் எழவில்லை. 1994இன் பாரிஸ் உடன்படிக்கைப்படி பலஸ்தீனத்துக்குப் போகும் இறக்குமதிகளின் வரியை இஸ்ரேல் வசூலித்து, 3 சதவீதம் கட்டணம் எடுத்துக்கொண்டு, மீதியை ரமல்லாவிலுள்ள பலஸ்தீன அதிகாரசபைக்குக் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அது. கொடுக்காமல் பிடித்துவைத்தால் சம்பளம் பாதியாகிறது. 2021இன் இறுதியிலிருந்து அரசு ஊழியர்கள் முழுச் சம்பளம் பெறவில்லை. உலக வங்கியின் கணக்கில் 2024இல் காஸாவின் பொருளாதாரம் 83 சதவீதமும் மேற்குக் கரையினுடையது 17 சதவீதமும் சுருங்கின. அங்கே தடுப்பவன் யார் என்று பெயர் சொல்ல முடியும். ஒலுவிலை யாரும் முற்றுகையிடவில்லை. பணம் வந்தது, கல் வந்தது, கப்பல்துறை வந்தது, ஜனாதிபதியும் வந்தார்.

வடக்குக் கரைக்குத் திரும்புவோம். அரிக்கும் இடத்தில் கல் கொட்டினால் அந்த இடம் நிற்கும். ஆனால் அங்கிருந்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டிய மணலும் நின்றுவிடும். ஆகவே கல் முடியும் இடத்தில் அரிப்பு தொடங்கும். அங்கே கல் கொட்டினால் அதற்கு வடக்கே தொடங்கும். எண்ணூர் வரை கல் போனது இப்படித்தான். ஒலுவிலுக்கு வடக்கே நிந்தவூர்க் கரை அரித்தது. இன்னும் வடக்கே, மாளிகைக்காட்டில் ஜனாஸா மையவாடியின் மதிலைக் கடல் உடைத்தது. இவை எல்லாவற்றையும் துறைமுகத்தின் தலையில் கட்டுவது சரியாகாது. இந்த மாவட்டத்தின் கல்லோயா ஆற்று அணை 1940களின் இறுதியில் தொடங்கிக் கட்டப்பட்டது. அணைகள் ஆற்றுமணலைக் கடலுக்கு விடுவதில்லை. ஆற்று மணலை அகழ்ந்து விற்பதும் சேர்கிறது. 1993 முதல் செய்மதிகள் அளந்ததில் உலகக் கடல் மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 3 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது. ஆனால் இந்தக் காரணங்கள் கூடுவது ஆறுதல் இல்லை. ஏற்கெனவே மணல் குறைந்துகொண்டிருந்த ஒரு கரையின் குறுக்கேதான் சுவர் வைக்கப்பட்டது என்று பொருள்.

கரையின் நிலைமையும் நினைவில் இருக்க வேண்டும். கல்முனையும் சாய்ந்தமருதும் இலங்கையில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் ஊர்களில் அடங்கும். கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே வீடுகள். பின்வாங்க இடம் குறைவு. 2004க்குப் பின் கரையோரத்தில் வீடு கட்டத் தடை வந்தபோது, மாற்றுக் காணி தேடி இந்த ஊர்கள் பட்ட பாடு பலருக்கு நினைவிருக்கும். அப்போது எல்லையை அரசு வரைந்தது. அந்த எல்லை கடலின் விளிம்பிலிருந்து அளக்கப்பட்டது. விளிம்பு உள்ளே வந்தால் எல்லையும் உள்ளே வரும்.

முழுத் துறைமுகத்தையும் மீன்பிடித் துறைமுகமாக மாற்றலாம் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. ஆழ்கடல் படகுகளுக்கு அது உதவும். அந்தத் தேவை உண்மையானது. ஆனால் பெயர்ப்பலகை மாறினால் மணலோட்டம் மாறாது. துறைமுக அதிகாரசபைக்குக் கொழும்புத் துறைமுகத்தின் வருமானம் இருக்கிறது. மீன்பிடித் துறைமுகங்களை நடத்தும் கூட்டுத்தாபனத்துக்கு அப்படி ஒன்று இல்லை. வாயிலைத் திறந்து வைக்கும் செலவு வசதியான கையிலிருந்து வசதி குறைந்த கைக்குப் போகும். வடக்குக் கரைக்கு மணல் அனுப்பும் செலவு இரண்டு கையிலும் எழுதப்படாமல் போகலாம்.

அடுத்த முறை மணல் தோண்டும் கப்பல் ஒலுவிலுக்கு வரும். அமைச்சர் ஒருவர் வந்து படமெடுத்துக்கொள்வார். அன்று அவரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. தோண்டிய மணல் வடக்கே எந்த இடத்தில், எத்தனை கன மீட்டர் கொட்டப்படும்? அடுத்த ஆண்டு இதே வேலைக்கு வரவு செலவுத் திட்டத்தின் எந்தத் தலைப்பில் எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது? பதில்களை எழுத்தில் வாங்கி, பிரதேச செயலகத்தில் ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போங்கள். வாடைக் காற்று நவம்பரில் தொடங்கும்.